ஏர் பிடிப்பவர்

"வெதை எம் பேருக்கே வரட்டுங்க அண்ணி. நீங்க எங்காட்டுல கொத்திட்டு, கூழு குடிச்சுக்குங்க. உங்க மேட்டுக்காட்ட நானே பாத்துக்கிறேன்" என்றான் ராசப்பன்.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த சென்னம்மாள் நிமிர்ந்து கொழுந்தனைப் பார்த்தாள். புருஷன் செத்து ஐந்து வருஷமாக அந்தச் சரிவை ஒற்றை ஆளாகக் கொத்திச் சாமை விளைவித்தவள் அவள். இந்த வருஷம் பயிர் முளைத்து அரைச் சாண் வந்தபோது பெருமழை மண்ணோடு வாரிக்கொண்டு போய்விட்டது. மறுபடி விதைக்கக் குதிரில் ஒரு படி இல்லை. இந்த ஆவணிக்குள் விதைக்காவிட்டால் காடு தரிசு. தரிசாய்க் கிடக்கும் காடு பங்காளிக்கு என்பது ஊர்க்கட்டு; அப்புறம் அது ராசப்பன் காடு.

நஷ்டப்பட்டவர்களுக்குச் சர்க்கார் இலவசமாக விதை தருகிறது. ஆனால் பட்டியலின் தலைப்பே 'ஏர் பிடிப்பவர்'. பெண் பிள்ளை ஏரைத் தொட்டால் மழை பெய்யாது என்பது வளப்பூர் நாட்டு மலை ஊர்களின் வழக்கம். அதனால் அவள் பெயரை எழுதக் கணக்குப்பிள்ளை மறுத்துவிட்டார். இத்தனைக்கும் மேட்டுக்காட்டில் ஏரே ஓடாது. அங்கே ஆணும் கொத்துதான், பெண்ணும் கொத்துதான். ராசப்பனுக்குப் பள்ளத்து வயலில் ஓட்ட ஓர் ஏர் இருந்தது. ஆகவே அவன் உழவன், அவள் வெறும் அண்ணி.

சேதத்தைப் பார்வையிடச் சட்டசபை உறுப்பினர் அர்த்தனாரி அன்று மலையேறினார். ஏறினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் டோலியில் உட்கார்ந்திருக்க, ராசப்பனும் இன்னும் மூன்று உழவர்களும் ஏறினார்கள்.

"உழவர் தோளில்தான் இந்த நாடே நிற்கிறது" என்று அவர் பேச்சைத் தொடங்கினார். தோளைத் தேய்த்துக்கொண்டிருந்த ராசப்பன் அதை முழு மனதாக ஒப்புக்கொண்டான். தண்ணீர் தங்காத மலைக்கு அணைக்கட்டு, செங்குத்துச் சரிவுக்கு டிராக்டர் என்று கொள்கைகளை அடுக்கிக்கொண்டே போனவர், கடைசியில் குரலை உயர்த்தினார். "ஏர் பிடிக்கும் கை எந்தக் கையானாலும் சரி, அந்தக் கைக்கு விதை வந்து சேரும்!"

பலமாகக் கை தட்டினார்கள். பிறகு படம் பிடிக்க, பூச்சுற்றி வைத்திருந்த ராசப்பனின் ஏரருகே அவர் போய் நின்றார். நின்று, கம்பீரமாக ஏர்க்காலின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்துக்குச் சிரிப்பு முட்டியது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சென்னம்மாள்தான் முன்னே வந்தாள்.

"அது மாடு பூட்டற பக்கமுங்க சாமி. பிடிக்கிறது இதுங்க" என்று மறுபக்கம் போய் மேழியைப் பற்றிக்கொண்டாள்.

"பொம்பள ஏரத் தொட்டுட்டா. இனி மழ பேயாது" என்று ராசப்பன் அலறினான்.

"பேயாட்டி நல்லதுதானுங்களே கொழுந்தனாரே. மழ பேஞ்சுதானே காடு போச்சு?"

அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் இப்போது வெடித்தது. அவள் அர்த்தனாரியிடம் திரும்பினாள். "எந்தக் கையானாலும்னு சொன்னீங்க. இந்தக் கை பிடிச்சிருக்குதுங்க. பேர எழுதச் சொல்லுங்க, அப்புறம் உடறேன்."

அதற்குள் படக்காரர் பொத்தானை அழுத்திவிட்டார். மேழியைப் பிடித்தபடி சென்னம்மாள்; மாடு நிற்கும் இடத்தில் சட்டசபை உறுப்பினர்.

"எழுதுய்யா, சீக்கிரம் எழுது" என்றார் அர்த்தனாரி. கணக்குப்பிள்ளை எழுதினார். சென்னம்மாள் விதையை மடியில் வாங்கிய பிறகே மேழியை விட்டாள்.

பத்து நாளாக வெளுத்திருந்த வானம் சாயங்காலம் கறுத்தது. டோலியை அடிவாரத்தில் இறக்கிவிட்டுத் தொப்பலாக நனைந்து திரும்பிய ராசப்பன், நேரே அண்ணி வீட்டு வாசலுக்கு வந்தான்.

"பாத்தீங்களா? பொம்பள ஏரத் தொட்டதுனாலதான் இப்பிடி மழ கொட்டுது."

பெய்யாது என்று காலையில் சொன்ன அதே வாய். வானம் காய்ந்தாலும் பெய்தாலும் பழி பெண் தலையில்தான். இந்த வழக்கத்துக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாது.

சென்னம்மாள் முறத்தில் சாமை விதையைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பிடீங்களா? நாளைக்கு வெதச்சுப்புடுவேன். நாலு நாள் கழிச்சு ஏரக் கொண்டாந்து குடுங்க, இன்னொருக்காத் தொடறேன். மொளப்புக்கு ஒரு மழ வேணும்."