கீழே ஓடிய எழுத்து

அத்தான் சிரித்தார். அக்காவின் இரண்டு பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அக்கா மட்டும் டிவியைப் பார்க்காமல் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்; நாங்கள் சிரித்து முடித்த பிறகு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நாலு வருடமாகப் பார்க்கவில்லை. திரும்பி வந்துவிட்டதே என்று எனக்குப் பகீரென்றது.

அக்கா ஆணித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். கம்பியை வெட்டி ஆணிக்குத் தலை அடிக்கிற மெஷின் பக்கத்தில் நின்று நின்று, காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கடைசியில் சுத்தமாக அடைத்துவிட்டது. பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது, இன்னும் அந்த மெஷின் சத்தத்துக்கு மேலே கத்துகிற குரலில். டிவி ஓடும்போது "என்ன சொன்னான்?" என்று கேட்பாள். பத்து நிமிடம் நடந்த பேச்சை அத்தான் நோட்டில் "சண்டை" என்று ஒரே வார்த்தையில் எழுதிக் காட்டுவார். பெண்கள், அப்புறம் சொல்கிறோம் என்று கையைக் காட்டுவார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. ஒரு கட்டத்தில் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். நாலு வருடத்துக்கு முன்னால், தொடரும் படமும் காட்டுகிற நீல ஆப் வந்த பிறகுதான் விமோசனம். திரைக்குக் கீழே நம் மொழியிலேயே எழுத்து ஓடியது. யாரோ கதவைச் சாத்தினால் அதுகூட எழுத்தில் வந்தது. அக்கா தன் பேரிலேயே சந்தா கட்டினாள். எங்களுக்கு முன்னால் படித்துவிட்டு, முதல் ஆளாகச் சிரிப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

போன மாதம் நீலக் கம்பெனியைச் சிவப்புக் கம்பெனி வாங்கியது. "இரண்டு குடும்பங்கள் ஒன்றாகிவிட்டன, இனி எல்லாம் ஒரே இடத்தில்" என்று செய்தி அனுப்பினார்கள். கூடவே சந்தாவையும் ஏற்றினார்கள். ஒரு நாள் நீல ஆப் திறக்கவே இல்லை. சிவப்பில் போய்ப் பார்த்தால் அதே தொடர், அதே ஆட்கள், நாங்கள் விட்ட முப்பத்தோராவது எபிசோட். கீழே மட்டும் எழுத்தைக் காணோம். கொண்டுவர மறந்தார்களோ, வேண்டாமென்று விட்டார்களோ.

"கல்யாணம் அவங்களுக்கு. வீட்டை விட்டுப் போறது நானா?" என்றாள் அக்கா.

ஆப்பில் இருந்த புகார்ப் பெட்டியில் எழுதினோம். "உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி" என்று தானாக ஒரு பதில் வந்தது, ஏழு தடவையும் அதேதான். சரி, நானே அக்காவாக நடித்துவிடலாம் என்று கம்பெனிக்குப் போன் செய்தேன். பேர், ஊர் எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். பிறந்த தேதி கேட்டான். வாய்ப் பழக்கத்தில் என்னுடையதைச் சொல்லித் தொலைத்தேன்.

"அக்கவுண்ட் வெச்சிருக்கவங்கதான் பேசணும் மேடம்."

"அவங்களுக்குக் காது கேக்காதுப்பா."

"அப்ப அவங்களையே போன் பண்ணி அதைச் சொல்லச் சொல்லுங்க மேடம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அப்படியே நோட்டில் எழுதிக் காட்டினேன். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். இரண்டு தடவை படித்தாள். "பேசறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். அத்தான் புது நோட்டு ஒன்றோடு வந்து, "விட்டுடும்மா, இனிமே நானே எல்லாத்தையும் எழுதிக் காட்டறேன்" என்று முதல் பக்கத்தில் எழுதி நீட்டினார். பாவம், மனதாரத்தான் சொன்னார்.

"நீங்க எழுதற சண்டைய வெச்சு நான் என்ன பண்றது? யாரு, யாரோட, எதுக்குன்னு எனக்கே தெரியணும். உங்க மூஞ்சியெல்லாம் பாத்துப் பாத்துச் சிரிச்சு எனக்கு அலுத்துப்போச்சுங்க."

அத்தான் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அக்கா கையில் கொடுத்தேன். எடுத்த பையன் வணக்கம் சொல்லி, புதிதாக வந்த படங்களைப் பட்டியல் போட ஆரம்பித்தான். அக்காவுக்கு அது கேட்டால்தானே? தன் பாட்டுக்கு ஆரம்பித்தாள்.

"தம்பி, எனக்குக் காது கேக்காது. நடுவுல பேசி உங்க தொண்டையக் கெடுத்துக்காதீங்க. மொதல்ல நான் முடிச்சிடறேன்." பேர், பிறந்த தேதி, சந்தா எண், எல்லாவற்றையும் ஒப்பித்தாள். "எழுத்து இருந்துச்சு. எடுத்துட்டீங்க. யாரு எடுத்தா? எப்பத் திரும்பி வரும்? ரெண்டே கேள்வி."

"மேடம்... மேடம்... ஒரு நிமிஷம் மேடம்..." அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் மடக்குவதற்கு அவன் கையில் ஒரு தாள் இருந்திருக்கும். காதில் வாங்காத ஆளை மடக்க அதில் வழி இல்லை போலிருக்கிறது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அவன் சொன்னதை எழுதிக் காட்டினேன்: மூன்று மாதம் இலவசமாம்.

"இன்னும் மூணு மாசம் ஊமைப்படம் பாக்கவா? எழுத்து வேணும்."

பையன் குரலைத் தாழ்த்தினான். "மேடம், இதையே நெறைய பேர் கேக்கறாங்க. எங்க மேலதிகாரிக்கு மாத்தி விடறேன். ரொம்ப நேரம் பாட்டுதான் ஓடும். முக்காவாசிப் பேர் வெச்சுட்டுப் போயிடுவாங்க. அதுக்குத்தான் அது." அப்படியே எழுதிக் காட்டினேன்.

"நல்லா இருப்பா" என்றாள் அக்கா.

பாட்டு ஆரம்பித்தது. பாட்டா அது? ஒரே மெட்டு, தகரத்தில் கரண்டியால் தட்டின மாதிரி, முடிந்த இடத்திலேயே திரும்பவும் தொடங்கியது. கால் மணி நேரத்தில் பெண்கள் இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். நான் பஞ்சைத் தேடி எடுத்துக் காதில் திணித்துக்கொண்டேன். அக்கா ஒரு கையில் போனைப் பிடித்தபடி மறு கையால் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பாட்டுதானா?"

தலையாட்டினேன்.

"ஓடட்டும்."

போனில் சார்ஜ் குறைந்துகொண்டு வந்தது. சார்ஜர் வயர் மேசை வரை எட்டவில்லை. அக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், சுவரோடு ஒட்டிப் போட்டு, வயரைச் சொருகி உட்கார்ந்தாள். மெஷினுக்கு முன்னால் எப்படி நிற்பாளோ அப்படி முதுகு நிமிர்ந்திருந்தது. போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், பஞ்சையும் தாண்டி எனக்குக் கேட்கிற அந்தக் குரலில் சொன்னாள்:

"நான் இங்கதான் இருக்கேன்."