லத்தீனுக்குப் பதில்

வத்சலாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது. அதனால் அவளுடைய குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவள் வைக்கும் ரசத்தை வாயில் வைக்க முடியாது. எங்கள் மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊரிலிருந்த நாலைந்து தமிழர்களும் கூடுவோம். மற்றவர்கள் அந்த ரசத்தைக் குடித்துவிட்டு "பிரமாதம்" என்பார்கள். நான் மட்டும் உள்ளதைச் சொல்லுவேன். அவளும் சிரித்துவிட்டு அடுத்த வாரம் அதே ரசத்தையே வைப்பாள்.

இது 1967. கொலோனுக்குத் தெற்கே, ரைன் கரையில் ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊர். நான் உலோகவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வத்சலா சென்னையில் பி.ஏ. தமிழும் எம்.ஏ. தத்துவமும் முடித்துவிட்டுக் கல்வியியலில் டாக்டர் பட்டத்துக்காக வந்திருந்தாள். சின்னக் குழந்தைகள் எப்படி எண்ணக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவளுடைய விஷயம். காலையில் ஏதாவது ஒரு மழலையர் பள்ளிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவாள். தலைமுடி வெள்ளையாக இருக்கும் அந்த ஊர்க் குழந்தைகள் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மரக்கட்டைகளை எண்ணும். அவளுடைய பேராசிரியர் என்னிடமே ஒருமுறை, இப்படிப் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த மாணவி தனக்குக் கிடைத்ததில்லை என்று சொன்னார். ஜெர்மன் பேராசிரியர்கள் சும்மா புகழ்கிற ஜாதி இல்லை.

இந்த இடத்தில்தான் லத்தீன் வந்து குறுக்கே நின்றது. அந்தப் புலத்தில் டாக்டர் பட்டம் வாங்க வேண்டுமானால் லத்தீன் தேறியிருக்க வேண்டும். எந்தப் பாடமாக இருந்தாலும் சரி, பொதுக்கல்வி என்றால் அதுவும் சேர்த்திதான். குழந்தைகள் எண்ணுவதற்கும் லத்தீனுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அலுவலகத்துக்கே போய்க் கேட்டு, அந்தச் செக்ரட்டரி அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். அகர முதல் புதிதாகக் கற்றுத் தேற இரண்டு வருஷமாவது ஆகும். வத்சலாவின் பேராசிரியரோ அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அவர் போய்விட்டால் அந்த விஷயத்தை எடுத்துக்கொள்ள அங்கே வேறு ஆள் இல்லை. லத்தீன் தேறாவிட்டால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு வழி இருந்தது. ஆசியாவிலிருந்து வருகிறவர்கள் தங்கள் நாட்டுச் செவ்வியல் மொழி ஒன்றைக் கல்லூரியில் படித்திருந்தால், அதை லத்தீனுக்குப் பதிலாகக் கணக்கில் காட்டலாம். எங்களுக்கு முன்னால் வந்த இந்தியர்கள் சமஸ்கிருதத்தைக் காட்டித் தப்பித்திருந்தார்கள். இந்தியவியல் துறையின் லென்ட்ஸ் என்ற கிழவர் நல்ல மனிதர். இரண்டு சுலோகம் கேட்பார், அர்த்தம் கேட்பார், கையெழுத்துப் போட்டுவிடுவார்.

"நீங்களும் ரெண்டு சுலோகம் படிச்சு ஒப்பிச்சுடுங்களேன்" என்றேன்.

"எனக்கு சமஸ்கிருதம் தெரியாது மிஸ்டர் கோபாலன். தெரியும்னு எப்படிச் சொல்றது? நான் மூணு வருஷம் படிச்சது தமிழ். அதையே அப்ளை பண்றேன்."

மனுப் போட்டாள். டீன் ஹார்ட்மன் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்தவள் என் அறைக் கதவைத் தட்டி, "அடுத்த மாசம் டீன் ரூமுக்கு நீங்க ஒரு தடவை வரணும். அவங்களுக்குத் தமிழ்க்காரர் ஒருத்தர் வேணுமாம். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், வந்து உட்கார்ந்தா போதும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டீனிடம் அவள் என்ன பேசிவிட்டு வந்தாள் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். தமிழ் உங்கள் தாய்மொழி, வீட்டில் சமையலறையில் பேசுகிற மொழி, அதை எப்படி லத்தீனோடு வைத்து எண்ணுவது என்று டீன் கேட்டிருக்கிறார். அவள், "படித்த தமிழர் ஒருவரை அழைத்து வருகிறேன். நான் கல்லூரியில் படித்த பழம்பாட்டு ஒன்றை உங்கள் முன்னால் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். அவருக்கு அது புரிந்துவிட்டால் என் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் படித்த தமிழர் நான். எனக்குப் புரியாது என்பதுதான் அவளுடைய ஒரே சாட்சியம்.

நானோ என்னை நிபுணராகக் கூப்பிட்டிருக்கிறாள் என்று தலைகால் புரியாமல் இருந்தேன். பாட்டையும் அவளுடைய ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் முன்கூட்டியே டீன் அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அவளுக்கு மழலையர் பள்ளி இருந்ததால் நான்தான் சைக்கிளில் கொண்டுபோனேன். போகிற வழியில் உறையைத் திறந்து பார்த்தேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறியவனுக்குக் கேள்வி முன்னாலேயே தெரிந்துவிட்டால் கை சும்மா இருக்குமா? ஆற்றோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாட்டைக் காப்பி எடுத்துக்கொண்டேன். லென்ட்ஸ் துறை நூலகத்தில் சென்னையில் அச்சான பழைய பதிப்பு ஒன்று உரையோடு இருந்தது. மூன்று வாரம் இரும்பையும் உருக்கையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு அந்தப் பாட்டை நெட்டுருப் போட்டேன். அவளுக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன நண்பன் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. கோட்டும் டையுமாகப் போனேன். டீன் நடுவில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில், தமிழ் கொஞ்சம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த லென்ட்ஸ் அந்தப் பழைய பதிப்போடு. வத்சலா நின்றுகொண்டே பாட்டைப் படித்தாள். அவள் குரல் அப்படி ஒன்றும் விசேஷமான குரல் இல்லை. ஆனால் அந்த வரிகளை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. டீன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் புரிந்ததா?" என்று டீன் என்னைக் கேட்டார்.

"நன்றாகப் புரிந்தது" என்றேன்.

அதோடு விட்டேனா? வெளுத்து வாங்கினேன். மழைக்காலம் வந்துவிட்டது, வருவதாகச் சொல்லிப் போனவன் வரவில்லை, தோழி தேற்றுகிறாள் என்று ஆரம்பித்தேன். இன்ன பூ இன்ன பொழுதைக் காட்டும், சொல்லாமல் விட்டது எது, அதை ஏன் சொல்லாமல் விட்டாள் என்று உரைகாரர் சொன்னதையெல்லாம் என் ஜெர்மனில் கொட்டினேன். லென்ட்ஸ் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "உலோகவியல் மாணவரா!" என்று வியந்தார். எனக்குக் கால் தரையில் இல்லை.

டீன் வத்சலா பக்கம் திரும்பினார். குரலில் வருத்தம்தான் இருந்தது, குத்தல் இல்லை. "மன்னிக்க வேண்டும். இவருக்குப் புரிந்தால் மனுவைத் திரும்பப் பெறுவதாக நீங்கள்தான் சொன்னீர்கள்."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவள் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். வத்சலாவைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. என்னை முறைப்பாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டையும் செய்யவில்லை. "இவரிடம் சில கேள்விகள் கேட்க அனுமதிப்பீர்களா?" என்று டீனைக் கேட்டாள். பிறகு அவர்களுக்கும் விளங்கும்படி ஜெர்மனிலேயே என்னிடம் பேசினாள்.

"இந்தப் பாட்டை இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறீர்களா?"

லென்ட்ஸ் இன்னும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். ஆமாம் என்று சொன்னால் நான் அறிஞன். இல்லை என்று சொன்னால், கேள்வித்தாளைத் திருடிப் படித்துவிட்டு வந்த பள்ளிக்கூடப் பையன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு என் மானமும் பெரிதாகத்தான் தெரிந்தது.

"இல்லை. முன்பே படித்தேன்."

"எத்தனை நாள்?"

"மூன்று வாரம். தினமும்."

"எத்தனை வரிப் பாட்டு இது?"

"ஏழு வரி."

"உரையைப் பார்ப்பதற்கு முன்னால் என்ன புரிந்தது?"

"மழை என்று புரிந்தது. அப்புறம், யாரோ யாருக்காகவோ காத்திருப்பதாக ஊகித்தேன். அது ஊகம்தான்."

லென்ட்ஸ் குறுக்கிட்டார். "ஆக, உரையைப் படித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது, இல்லையா?"

"உரையும் விளங்கவில்லை ஐயா. அதுவும் பழைய காலத்தது. பதிப்பாசிரியர் அந்த உரைக்கு அடியில் ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார். அதைத்தான் படித்தேன்."

டீன் ஹார்ட்மன் சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குச் செய்தி. "லத்தீனுக்கு எனக்கு ஒரு உரை போதுமாக இருந்தது" என்றார்.

லென்ட்ஸ் லேசில் விடவில்லை. புத்தகத்தைக் கண்ட இடத்தில் திறந்து ஒரு பாட்டை எனக்கு நீட்டினார். எழுத்தெல்லாம் நான் அறிந்த எழுத்து. ஒரு சொல்லும் என்னோடு பேசவில்லை. திருதிருவென்று விழித்தேன். அதே பக்கத்தை, உரைப்பகுதியைத் தாளால் மறைத்துவிட்டு, வத்சலாவிடம் கொடுத்தார்.

அவள் அவசரப்படவில்லை. ஒருமுறை மனத்துக்குள் படித்தாள். பிறகு வரிவரியாக ஜெர்மனில் சொல்லிக்கொண்டு போனாள். எந்தச் சொல் எதோடு போய்ச் சேர்கிறது, யார் யாரிடம் பேசுகிறார்கள், எங்கே பேச்சு முடிகிறது என்று அவிழ்த்து அவிழ்த்து வைத்தாள். நெட்டுருப் போட்டவன் பேசியதற்கும் அவள் பேசியதற்கும் உள்ள வித்தியாசம் தமிழே தெரியாத டீனுக்கும் தெரிந்திருக்கும். ஓரிடத்தில் நின்றாள். "இந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை. ஒரு மரமாக இருக்கலாம்" என்றாள். லென்ட்ஸ் தாளை விலக்கிப் பார்த்தார். "பதிப்பாசிரியரும் கேள்விக்குறிதான் போட்டிருக்கிறார்" என்று டீனிடம் சொன்னார். தன் பிழைப்பே ஊசலாடும்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு வரும்? எனக்கு வராது. அந்த இடத்தில் நான் துணிந்து ஏதாவது ஒரு மரத்தை நட்டிருப்பேன்.

மனு ஏற்கப்பட்டது. லத்தீன் கழிந்தது. டீன் எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார்.

வெளியே வந்து படியிறங்கினோம். பாதிப் படியில் நின்று, "ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"உங்களுக்குப் புரியாது, அதுக்காகத்தான் கூப்பிடறேன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? கோவிச்சுக்க மாட்டீங்களா?"

"கோவிச்சுப்பேன்தான். ஆனா நான் அங்க உளற ஆரம்பிச்சப்பவே நிறுத்தியிருக்கலாமே. ஏதாவது சொல்லித் தடுத்திருக்கலாம்."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தணும்னுதான் நினைச்சேன். காலேஜ் முடிச்சதுக்கு அப்புறம் ஒருத்தர் பாட்டுக்கு உரை சொல்லி நான் கேட்டதே இல்லை, மிஸ்டர் கோபாலன். இங்க வந்ததுலேருந்து யார்கிட்டயும் இதைப் பத்திப் பேசினதும் இல்லை. ஞாயித்துக்கிழமை நாம பேசறதெல்லாம் விசாவும் குளிரும்தானே. எல்லாம் போச்சுன்னு தெரியுது. ஆனாலும் நல்லா சொல்றீங்க, முடிக்கட்டும்னு நின்னுட்டேன்."

எனக்கு அவளைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கோட்டும் டையுமாக ஜெர்மன் மாடிப்படியில் அதெல்லாம் முடியுமா?

"அந்த ரெண்டாவது பாட்டு" என்றேன். "எனக்கு அதுல ஒரு மண்ணும் புரியல. என்ன சொல்றாங்க அதுல?"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். நான் பேச்சுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது. புடவையை ஒதுக்கிக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.