ஒரு இரவும் விடாமல்

அன்று மாடியில் இருந்தவர்கள்: தொழவைக்கும் தஸ்லிமா ஆலிமா. இடம் கொடுத்த மைதீன்பாத்து, முட்டிவலியால் நாற்காலியில். அவள் மகள் ஆஷிகா, தலைப்பிள்ளை வயிற்றில். எங்கள் தெருப் பெண்கள் இரண்டு வரிசை. ஹவ்வாபீவி. அவள் மருமகள் ஜெசிமா. பின்னால் சுவரோரம், தொழுகை இல்லாத நான். என்னைப்போல் இன்னும் இருவர். எங்களிடம் விடப்பட்ட பிள்ளைகள்.

தொழுகை இல்லை என்று ஒருத்தி சொன்னால் மாதவிலக்கு என்று அர்த்தம். அந்த நாட்களில் வீட்டில் இருந்துவிடலாம். எங்கள் தெருவில் யாரும் இருப்பதில்லை. வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோம். நாலு ரக்அத்துக்கு ஒருமுறை அவர்கள் இளைப்பாற உட்காரும்போது தண்ணீர் கொடுப்போம். கடைசி துஆவுக்கு ஆமீன் சொல்வோம். அதனால் யாருக்கு எப்போது என்பது எல்லோருக்கும் தெரியும். ரமலான் முடிவதற்குள் எல்லோரும் ஒருமுறை சுவரோரம் வந்துவிடுவோம். வராதவர்கள் இரண்டு வகை. கிழவிகள், பிள்ளை உண்டானவர்கள்.

நோன்பு இருபது ஆகியும் ஜெசிமா சுவரோரம் வரவில்லை.

அந்த மாடி காலண்டர் குடோன். சீசன் முடிந்தால் காலியாகிவிடும். நோன்பு மாதத்தில் கழுவிவிட்டுப் பாய் விரித்தால் பெண்களுக்கு இரவில் தராவீஹ் தொழ இடம் ஆகிவிடும். எத்தனை முறை கழுவினாலும் மை வாடை மட்டும் போகாது. ஸஜ்தாவில் நெற்றி வைத்தால் மூக்கில் ஏறும்.

ஜெசிமாவின் புருசன் சிக்கந்தர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தீபாவளிக்கு முன் அங்கே மருந்து கலக்கும் அறை வெடித்தது. செத்தவர்கள் எல்லோரும் தினக்கூலிகள். முதலாளியைப் போலீஸ் இன்னும் தேடிக்கொண்டிருந்தது. போர்மேனைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பிணங்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டு நின்றவனை அங்கேயே பிடித்தார்கள். மதுரை ஜெயிலில் இருந்தான். ஜாமீன் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பெருநாள் கழிந்து மறுபடி விசாரணைக்கு வரும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

ஜெசிமா நிய்யத் வைத்தாள். இந்த ரமலானில் ஒரு இரவும் விடாமல் தராவீஹ் தொழுது முடிப்பது, முடித்தால் அல்லாஹ் அவனை வெளியே அனுப்புவான் என்று.

அன்று இடைவேளையில் ஆஷிகாவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்த மைதீன்பாத்து, ஜெசிமா பக்கம் திரும்பினாள்.

"ஏத்தா, எம் மகளுக்காவது காரணம் இருக்கு. ஒனக்கு என்ன, எங்களப்போல கெளவியாயிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிமாவும் சிரித்தாள். ஹவ்வாபீவி சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் மற்றவர்களும் சிரிப்பை விட்டுவிட்டு மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். சிக்கந்தர் உள்ளே போனது தீபாவளிக்கு முன். அவன் பிள்ளை என்றால் இதற்குள் வயிறு தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஹவ்வாபீவி தன் முசல்லா விரிப்பை மருமகள் பக்கத்திலிருந்து எடுத்து முதல் வரிசையில் போட்டாள். அதற்கு மேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜெசிமாவின் இரு பக்கமும் ஒரு ஆள் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள் என்று ஆலிமா சொன்னார். யாரும் நகரவில்லை.

நான் மில்லில் நைட் ஷிப்டை விட்டு நின்ற வருடம் அது. வேலையும் இல்லை, தூக்கமும் இல்லை. என்னிடம் பேசினால் வெளியே போகாது என்று ஜெசிமா நினைத்திருக்கலாம். படிக்கட்டில் நிறுத்திச் சொன்னாள்.

திருத்தங்கல் அச்சகத்தில் அவளோடு பைண்டிங் பார்க்கும் மாரிசெல்வி விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுப்பவள். நேர்ந்த நாளில் விலக்கு வந்துவிடக் கூடாதென்று வருடாவருடம் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுத் தள்ளிவைப்பாள். அவளிடம் சொல்லி ஜெசிமாவும் வாங்கியிருந்தாள். நோன்பு பிறந்து சில நாளிலிருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆலிமாட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றேன்.

"வேண்டாம்னுட்டாகன்னா என்ன செய்ய, அக்கா? அதான் கேக்கல."

மாமியாரிடம் சொல்லிவிடு என்றேன். தனியாகப் போகப் பயந்தாள். கூடப் போனேன். ஹவ்வாபீவி நோன்புக் கஞ்சிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் கடைசி வரை உயரவில்லை. மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தள்ளிவைக்கவும் மாத்திர இருக்கு, கலைக்கவும் மாத்திர இருக்கு. இது எதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

மெடிக்கலில் கர்ப்பச் சோதனை அட்டை கிடைக்கும், நானே வாங்கி வருகிறேன் என்றேன். அந்தக் கோடும் தனக்கு விளங்காது என்றாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"பெருநாளுக்கு முந்தி மனுப் போட்டு எம் மகனப் பாக்கப் போறேன், ரமீஜா. கம்பிக்கு அங்கன நின்னுக்கிட்டு, வீட்ல எப்படியிருக்காகன்னு கேப்பான். நான் என்னன்னு சொல்லட்டும்?"

 ஜெசிமா பயந்தது தெருவுக்கு இல்லை, அந்தக் கேள்விக்குத்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. உள்ளே இருப்பவனுக்கு அந்தச் சந்தேகம் போய்ச் சேர்ந்தால், வெளியே வந்தாலும் அவளிடம் வரமாட்டான்.

இரவில் ஆலிமாவிடம் கூட்டிப் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். அவருக்கு ஜெசிமாவைவிட வயது குறைவு. தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"அந்த நாள்ல தொழாம இருன்னு சொன்னதும் அல்லாஹ்தானே, அக்கா. சொவரோரம் ஒக்காந்திருந்தாலும் ஒங்க நிய்யத்து கெடாது. மாத்திரய நிறுத்துங்க."

"நான் அப்படி நெனச்சு வைக்கலயே," என்றாள் ஜெசிமா. "ஒரு ராத்திரியும் விடமாட்டேன்னுதான சொன்னேன்."

 ஹவ்வாபீவியிடம் தான் பேசிப் பார்ப்பதாக ஆலிமா சொன்னார். பேசவும் செய்தார். ஹவ்வாபீவி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். முசல்லா முதல் வரிசையிலேயே கிடந்தது.

ஜெசிமாவுக்கு இரண்டு வழிதான் இருந்தது. தொழுது முடித்து நிய்யத்தைக் காப்பாற்றுவது. அல்லது எல்லோரும் பார்க்கச் சுவரோரம் வந்து உட்கார்வது. மாத்திரையை நிறுத்தினாள். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்று மாரிசெல்வி சொல்லியிருந்தாள். விலக்கு வரும்வரை இரவுதோறும் வந்து தொழுதாள். ஸஜ்தாவில் மற்றவர்கள் எழுந்த பிறகும் கிடந்தாள். வர வேண்டும் என்று கேட்டாளா, வரக் கூடாது என்று கேட்டாளா, எனக்குத் தெரியாது.

இருபத்தேழாம் இரவு வந்தது. வருடத்தில் மற்ற நாள் தொழாதவர்கள்கூட அன்று வருவார்கள். ஆயிரம் மாதத்தைவிடச் சிறந்தது என்று சொல்லப்பட்ட இரவு அதுவாக இருக்கலாம் என்பதால் விடிய விடிய நிற்பார்கள். மாடி நிரம்பிவிட்டது. பெண்கள் படிக்கட்டு வரை முசல்லா விரித்திருந்தார்கள். ஆலிமா முதல் வரிசையின் நடுவில் நின்று, வரிசை நேராக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஜெசிமா வந்தாள். தொழுகைக்கு உடுத்தும் வெள்ளைத் துப்பட்டி இல்லை. சாதாரணச் சேலை. அதைப் பார்த்த உடனேயே பேச்சு நின்றது. அவள் வரிசைகளைத் தாண்டி மாமியாருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"மாமி, எனக்குத் தொழுகை இல்ல."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. ஹவ்வாபீவி திரும்பி அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள்.

பின்வரிசையில் இன்னும் சிலர் அதையே சொன்னார்கள். மைதீன்பாத்து நாற்காலியிலிருந்து கையை நீட்டி, வா தாயி, இங்கன எம் பக்கத்துல வந்து ஒக்காரு என்று கூப்பிட்டாள். ஹவ்வாபீவியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகனிடம் சொல்ல அவளுக்கு வார்த்தை கிடைத்துவிட்டது. மருமகளின் கையைப் பிடிக்கப் போனாள். ஜெசிமா கையைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் பிடிக்க விட்டு, எடுத்துக்கொண்டாள்.

சுவரோரம் அவளுக்கு இடம் விட்டுப் பிள்ளைகளை ஒதுக்கினார்கள். அவள் அங்கே போகவில்லை. வந்த வழியே திரும்பி, விரித்திருந்த முசல்லாக்களை மிதிக்காமல் ஓரமாகக் கால்வைத்து வாசலுக்குப் போனாள். துஆ வரைக்கும் இருங்கக்கா, சிக்கந்தர் அண்ணனுக்காக எல்லாரும் சேர்ந்து கேட்போம் என்று ஆலிமா சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். இருக்கிறேன் என்பதற்கு இல்லை.

வாசலில் நின்ற என்னை அவள் பார்த்தாள். அவளோடு இறங்கிப் போகலாமா என்று எனக்குத் தோன்றியது. அவள் கண் அப்படி எதையும் கேட்கவில்லை. படிக்கட்டில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டு, மாடிக்குள் நெருக்கி வந்து நின்றுகொண்டார்கள். கீழே தெருவில் ஆம்பளைகள் கூட்டம். பிள்ளைகள் இறங்கி ஓடிவிடாமல் தொழுகை முடியும்வரை கதவைப் பூட்டிவைப்போம்.

கதவைச் சாத்தும்படி ஆலிமா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே தொழுகை தொடங்கும் தக்பீர் கேட்டது. அவள் கடைசிப் படியில் இறங்கும் வரை பார்த்துவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டினேன்.