பத்தாவது ரொட்டித் துண்டு

அந்த வருடம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஆறு வாரமாக இரண்டு விண்ணப்பங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று யூதப் பள்ளிக்கூடத்துடையது. மற்றது தெருமுனையில் இருக்கும் அரசுப் பள்ளிக்கூடத்துடையது. எங்கள் மகள் ஹதாஸுக்கு ஐந்து வயது. யூத மழலையர் வகுப்பு முடிந்து செப்டம்பரில் இரண்டில் ஒன்றில் அவளைச் சேர்த்தாக வேண்டும். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் நானும் என் கணவன் நஃப்தலியும் ஒரு தடவை சண்டை போட்டுக்கொள்வோம். அந்த ஆறு வாரத்தில் எங்கள் வீட்டில் பால் செலவு குறைந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், யூதப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் படித்தவன் நஃப்தலி. அவனுக்கு அரசுப் பள்ளி வேண்டும். முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவள் நான். எனக்கு யூதப் பள்ளி வேண்டும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு கரையும் ஒரே கட்டிலில் படுத்துத் தூங்கின.

நஃப்தலி யூதர்கள் நிறைந்த புரூக்ளினில் வளர்ந்தவன். படித்தது, விளையாடியது, முடி வெட்டிக்கொண்டது எல்லாம் நம் ஆட்களிடம்தான். இருபத்திரண்டு வயதுவரை அவன் பேசிய ஒரே வேற்று மதத்துக்காரர் தபால்காரர். முதல் வேலையில் சேர்ந்த அன்று பக்கத்து மேஜைக்காரர் சாப்பிட வருகிறீர்களா என்று சாதாரணமாகக் கேட்டதற்கு, இவன் வேர்த்துப் போய்க் கழிவறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தானாம். இன்றைக்கும் பக்கத்து வீட்டு யோலாண்டாவிடம் ஏணி இரவல் கேட்க வேண்டுமென்றால் என்னைத்தான் அனுப்புவான். ஹதாஸ் இப்படி ஆகக் கூடாது என்பது அவன் கட்சி.

நான் ஐயோவாவில் ஒரு சின்ன ஊர்க்காரி. அந்தப் பள்ளிக்கூடத்துக்கே ஒரே யூதப் பெண் நான்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் ஆசிரியை என்னை எழுப்பி நிற்கவைத்து, "அவிவா, உங்க ஹனுக்கா பண்டிகையப் பத்திச் சொல்லும்மா" என்பார். எனக்கே தெரிந்தால்தானே? எங்கள் வீட்டில் மெழுகுவத்தி ஏற்றுவதோடு சரி. நான் பாட்டுக்கு இட்டுக்கட்டி அளப்பேன். ஒரு வருடம் அதில் ஒரு யானைகூட வந்தது. அந்த ஊரில் முப்பது பேர் இன்னும் அந்த யானையை நம்பிக்கொண்டிருப்பார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் நான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். ஒன்றைத் தவிர. ஹீப்ரு எழுத்து எனக்கு வாசிக்க வராது. சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். பிரார்த்தனைகளை ஆங்கில எழுத்தில் எழுதிய அட்டை. வெள்ளிக்கிழமை மாலைகளில் எதையோ எடுப்பதுபோல் கதவைத் திறந்து, அதைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். எனக்கு அது அவமானமாக இருந்தது. என் மகள் அவளுடைய சொந்தச் சாப்பாட்டு மேஜையில் விருந்தாளிபோல் உட்காரக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெசாஹ் பண்டிகை நெருங்கியது. பண்டிகைக்காகப் பத்து நாள் அலுவலகத்தைப் பூட்டுவதால், அது மாலையில் தொடங்கும் நாளன்று மதியத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று யூதப் பள்ளியிலிருந்து மூன்றாவது தடவையாக ஃபோன் செய்தார்கள்.

பெசாஹ் எட்டு நாளும் வீட்டில் புளித்த மாவில் செய்த எதுவும், ரொட்டித் தூள்கூட, இருக்கக் கூடாது. நஃப்தலியின் அம்மா இரண்டு நாளில் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டைச் சுத்தம் செய்துவிடுவார். நான் மூன்று வாரம் செய்வேன். சோபாவின் தையல் இடுக்கைப் பல்குச்சியால் குத்தி எடுப்பேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று யாராவது என்னைச் சொன்னால் நான் கோபித்துக்கொள்ள முடியாது.

எல்லாம் முடிந்ததும், முந்தின நாள் இருட்டிய பிறகு ஒரு தேடல் உண்டு. தேடுவதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே என்று பத்து ரொட்டித் துண்டுகளைப் பையில் சுற்றி வீட்டில் ஒளித்து வைப்போம். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவத்தியும் ஒரு இறகும் மரக்கரண்டியுமாகப் போய்க் கண்டுபிடித்து, மறுநாள் காலை எரித்துவிடுவோம். ஒளிக்கிறவர் எங்கெங்கே ஒளித்தோம் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் அந்த வேலையை ஹதாஸிடம் கொடுத்தோம். அவளுக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாது. இது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அந்த வருடம் முன்னின்று தேடுவது என் முறை. அட்டையைப் பிய்த்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிரார்த்தனையைச் சொன்னேன். ஹதாஸ் என் கையை எட்டிப் பார்த்தாள்.

"பாத்துச் சொல்றியாம்மா?" என்றாள் காதருகில். "பரவால்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நஃப்தலி இருமுவதுபோல் திரும்பிக்கொண்டான். அவன் சிரிக்கிறான் என்று முதுகைப் பார்த்தாலே தெரியும்.

முதல் துண்டு என் மழைச்செருப்புக்குள் இருந்தது. அடுத்தது நஃப்தலியின் தொப்பிப் பெட்டியில். பொம்மை அடுப்பில் இரண்டு. இப்படி ஒன்பது கிடைத்தன. பத்தாவது கிடைக்கவில்லை.

ஹதாஸைக் கேட்டோம். "அது பத்திரமா இருக்கு. கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். கெஞ்சினேன், மிரட்டினேன், முத்தம் கொடுத்தேன். பத்திரமாக இருக்கிறதாம், அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. நான் சோபாவைக் கவிழ்த்தேன். புத்தகங்களை இறக்கினேன். மூன்று வாரம் பல்குச்சியால் சுத்தம் செய்த வீட்டில் ஒரு முழு ரொட்டித் துண்டு எங்கோ இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நஃப்தலி நடு அறையில் நின்று நான்கு வரி சொன்னான், மனப்பாடமாக. என் கண்ணில் படாத புளிப்பு எதுவானாலும் அது மண்ணுக்குச் சமம், அது யாருடையதும் இல்லை என்று அதற்குப் பொருள்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான். இதுக்குத்தானே அந்த வசனமே இருக்கு. ரெண்டாயிரம் வருஷமா எல்லா வீட்லயும் ஒரு துண்டு தொலையுது, அவிவா."

நான் கவிழ்ந்த சோபாவின் முதுகில் உட்கார்ந்தேன். "இந்த நிம்மதி இருக்கு பாரு, இது எனக்கு எந்த ஜென்மத்துலயும் வராது. இதுக்குத்தான் அவள அங்க அனுப்பணும்ங்கறேன்."

அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ ஒரு மேல்சட்டை மாட்டிக்கிட்டு, எந்த வீட்டுக் கதவ வேணும்னாலும் தட்டுற. எனக்கு முப்பத்தொம்பது வயசாகுது, எனக்கு அது வரல. அவளுக்கு அது வேணும்."

அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் விண்ணப்பங்கள் ஃபிரிட்ஜில்தான் இருந்தன.

மறுநாள் காலை ஒன்பது துண்டுகளையும் எரிக்கக் கொல்லைப்புறத்தில் ஒரு பழைய காப்பித் தகரத்தில் நஃப்தலி நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தான். ஹதாஸ் இறகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது வேலிக் கதவைத் திறந்துகொண்டு யோலாண்டா வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நர்ஸ் உடுப்பு. பின்னால் அவள் மகள் மரிஸோல், ஹதாஸ் வயதுதான். யோலாண்டா ஒரு பிளாஸ்டிக் பையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே ஒரு ரொட்டித் துண்டு.

"அவிவா, ஒண்ணு கேக்கணும். இத ஃப்ரீசர்ல வைக்கலாமா? உங்க பொண்ணு எட்டு நாள் பத்திரமா வச்சிருக்கச் சொல்லியிருக்கா. இவ நேத்து ராத்திரி தலகாணிக்கடியில வச்சுத் தூங்கினா. எங்க நாயி சும்மா விடாது."

"எட்டு நாளா?"

"ஆமா. பேப்பரெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கா பாருங்க."

பையோடு மடித்த ஒரு காகிதம் இருந்தது. ஒரு ரொட்டி, ஒரு அம்புக்குறி, ஒரு வீடு வரைந்திருந்தது. மேலே மரிஸோல் தானே எழுதிய அவள் பெயர், ஆங்கிலத்தில். கீழே ஹீப்ருவில் மூன்று எழுத்து. அது ஹதாஸ் என்று ஊகித்தேன். வாசிக்கவில்லை, ஊகித்தேன்.

"வித்துட்டேன்" என்றாள் ஹதாஸ். தலையில் இருந்த புதிய ஊதா நிறக் கிளிப்பைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்கு."

நஃப்தலி தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். வீட்டிலிருந்து அகற்ற முடியாத புளிப்பை வேற்று மதத்தவர் ஒருவருக்கு முறைப்படி விற்றுவிடுவது எங்கள் வழக்கம். ஊருக்கெல்லாம் சேர்த்து எங்கள் மதகுரு, ராபியே அதைச் செய்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு மட்டும் அந்த வருடம் இரண்டு ராபி.

"யாருக்கு வேணும்னாலும் விக்கலாமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. மோரா ஸஹாவா சொன்னாங்க, நம்பிக்கையானவங்களா பாத்துதான் கொடுக்கணும்னு. மரிஸோல் தின்னுட மாட்டா."

மரிஸோல் பெருமையாகத் தலையாட்டினாள்.

"பாத்தியா?" என்றோம் நானும் நஃப்தலியும் ஒரே நேரத்தில். மழலையர் வகுப்பு ஆசிரியை மோரா ஸஹாவா சொல்லிக் கொடுத்ததை மனதில் வைத்து நான் சொன்னேன். அவன் மரிஸோலை மனதில் வைத்துச் சொன்னான்.

நான் அந்த இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயோவாவில் என் வகுப்பில் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களிடம் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை, அந்தப் பொய் யானையைத் தவிர. ஹதாஸின் கையில் சரக்கு இருக்கிறது. அதை நம்பிக் கொடுக்க ஒருத்தியும் இருக்கிறாள். இவள் தனியாக நிற்கப் போவதில்லை. ஆறு வாரமாக நான் பயந்தது ஹதாஸுக்காக இல்லை, ஐயோவாவில் எழுந்து நின்ற அந்தப் பெண்ணுக்காக என்று எனக்குப் பட்டது.

தகரத்தில் நெருப்பு அணைந்ததும் உள்ளே போய், மரிஸோல் சேரப்போகும் அரசுப் பள்ளியின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். நஃப்தலி சந்தேகத்தோடு, "நிஜமாவா?" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஹதாஸுக்கு எழுத்தும் பிரார்த்தனையும் சொல்லித் தர வேண்டும் என்றேன். தலையாட்டினான். பெற்றோர் கூட்டத்துக்கும் அவனே போக வேண்டும், போய்த் தானாக மூன்று பேரிடமாவது பேச வேண்டும் என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. ஒரு ஆள் போதாதா என்று பேரம் பேசினான். நான் மசியவில்லை.

பிறகு யூதப் பள்ளியின் விண்ணப்பத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பெரியவர்களுக்கான செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பு ஒன்று இருந்ததை ஆறு வாரமாகப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். எழுத்துகளிலிருந்து ஆரம்பம் என்று போட்டிருந்தது. பதினொன்றரைக்கு அந்தப் பள்ளிக்கு ஃபோன் செய்தேன். ஒருவழியாக முடிவெடுத்தீர்களே என்று அலுவலகத்து அம்மாள் சந்தோஷப்பட்டு, "மாணவிக்கு என்ன வயசு?" என்றார்.

"முப்பத்தெட்டு" என்றேன்.

பண்டிகை முடிந்ததும் விற்ற ரொட்டியைத் திரும்ப வாங்க வேண்டும். அதற்குக் கிளிப்பைத் திருப்பித் தர வேண்டும் என்று தெரிந்ததும் ஹதாஸ், விற்றது விற்றதுதான் என்று சொல்லிவிட்டாள். மரிஸோலுக்கும் ரொட்டியை விட மனசில்லை. ஆக அது யோலாண்டா வீட்டு ஃப்ரீசரிலேயே தங்கிவிட்டது.

அக்டோபரில் ஒரு மாலை யோலாண்டா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் உணவு விதிகளுக்காகத் தனித் தட்டும் பழங்களும் வாங்கி வைத்திருந்தாள். நஃப்தலி அவள் கணவனிடம் ஏணியைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். ஐஸ் எடுக்க நான் ஃப்ரீசரைத் திறந்தேன். பட்டாணிப் பைக்குப் பின்னால் அந்தத் துண்டு கல்லாக உறைந்து கிடந்தது, காகிதத்தோடு.

கையில் எடுத்து, பனியை விரலால் துடைத்தேன். ஹீப்ரு முறைப்படி வலது பக்கத்திலிருந்து தொடங்கினேன். முதல் எழுத்துக்கு ரொம்ப நேரம் ஆனது. இரண்டாவது எளிது. மூன்றாவது எழுத்து, போன செவ்வாய்க்கிழமை வகுப்பில்தான் படித்தது.

"என்னம்மா பண்ற? எல்லாம் உருகுது" என்றாள் ஹதாஸ் பின்னால் வந்து.

"இரு, உன் பேர வாசிக்கிறேன்" என்றேன்.