கன்னத்துச் சிவப்பு

"செத்தவனுக்கு மூஞ்சி இப்படிச் சிவக்குமாடி? படிச்சவதானே நீ, சொல்லு!"

பிணவறையில் தள்ளுவண்டியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மா கத்தினாள். வண்டியில் என் தம்பி. கழுத்துவரை வெள்ளைத் துணி. வெயிலில் ஓடியாடிவிட்டு வந்து படுத்தவனைப் போலக் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! அவன்மேல் அதைவிட. ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். நேற்று மாலை கரண்ட் போய்விட்டது, வெளியே நல்ல மழை. ஜெனரேட்டர் நனைந்துவிடுமே என்று அதைக் கடைக்குள் இழுத்துவைத்து, சாரல் அடிக்காமல் ஷட்டரையும் இறக்கிவிட்டு ஓட்டியிருக்கிறான். வேதியியல் டீச்சரின் தம்பி! படுபாவி, அந்த மெஷின் நனைந்து நாசமாய்ப் போயிருக்கக் கூடாதா.

"மூடணும்மா, வெளியில வண்டி காத்துக்கிட்டிருக்கு," என்றார் பிணவறை ஊழியர், மறுபடியும்.

"மூடினா கையை ஒடிச்சுடுவேன். எம்பிள்ளை தூங்குறான்."

டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போயாயிற்று. அது செவிடன் காதில் ஊதிய சங்குதான். இனி அவளை அந்தக் கம்பியிலிருந்து பிரிக்க என்னை விட்டால் ஆளில்லை. அந்த நேரம் பார்த்து என் வாயில் வந்தது, வகுப்பில் நான் சொல்லும் அதே பஸ் கதை. வேறு எதுவும் வரவில்லை.

"அம்மா, ரத்தத்துல இரும்பு இருக்குல்ல, அதை பஸ் சீட்டுன்னு வெச்சுக்கோ. நாம இழுக்குற ஆக்ஸிஜன் அதுல உக்காரும், இறங்க வேண்டிய இடத்துல இறங்கிடும். ஜெனரேட்டர் புகையில கார்பன் மோனாக்சைடுன்னு ஒண்ணு இருக்கு. அதுல உள்ள கார்பன் ரெண்டு எலக்ட்ரானை நீட்டும், இரும்பு கெட்டியாப் புடிச்சுக்கும். அப்புறம் அந்த சீட்டை விட்டு லேசுல எந்திரிக்காது. ஆக்ஸிஜனுக்கு எடமே கிடைக்காது. அது உக்காந்த ரத்தம் இன்னும் சிவப்பாயிடும்மா. அந்தச் சிவப்புதான் இது."

வகுப்பில் இந்த பஸ் கதைக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள். தம்பியும் சிரித்திருக்கிறான், சாப்பாட்டுத் தட்டும் கையுமாக. "உன்னை மாதிரிதான்க்கா, உக்காந்தா எந்திரிக்காது" என்பான்.

அம்மா விடவில்லை. "நல்ல காத்தைக் குடுத்து அதை எழுப்பி விடச் சொல்லேன்டி."

"மூச்சு இருந்தா எழுப்பலாம்மா. இவன்தான் இழுக்கலையே." அதற்குமேல் என்னால் முடியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

அவள் குனிந்து அவன் மூக்கருகே தன் கன்னத்தை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"அப்ப இது எம்பிள்ளையோட சிவப்பு இல்லையா?"

"இல்லம்மா."

"அந்தப் புகையோடதா?"

"ஆமா."

கம்பியை விட்டாள். முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, சின்ன வயதில் அவன் முகத்து அழுக்கைத் துடைப்பாளே, அப்படி அவன் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு அழுத்தித் தேய்த்தாள். நான் பிடித்த கையை உதறிவிட்டு இன்னும் தேய்த்தாள்.

"போக மாட்டேங்குதுடி," என்றாள்.

அவளே துணியை அவன் முகத்தின்மேல் இழுத்துவிட்டாள்.

"வண்டியை எடுக்கச் சொல்லு. வீட்டுல போய் நல்லாத் தேச்சுக் குளிப்பாட்டிக்கலாம்."