விஷச்செடி

குன்னத்துகாலில் ஷியாமளாவின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறைச்சரிவில்தான் அந்தச் செடி நின்றது. வேறெங்கும் கிடையாது. கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ஜெஸ்மி வெயிலில் கறுத்துக் கறுத்துத் தேடிப் பார்த்துவிட்டாள். பயறுக் குடும்பத்தில் இன்னும் யாரும் பெயர் வைக்காத செடி. நகத்தைவிடச் சின்ன மஞ்சள் பூ, சுணை அடர்ந்த காய். பூவைப் பற்றி எழுதி முடித்தாயிற்று. காய் நெற்றாகி விதை கைக்கு வந்தால் மீதியையும் எழுதலாம், நாற்றுப் போட்டு இனத்தையும் காப்பாற்றலாம்.

அதற்குள் ஷியாமளாவின் ஆடுகள் பாதியை மேய்ந்திருந்தன. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊரே செல்போனும் கையுமாக வந்து ஆளுக்கொரு கொப்பு ஒடிக்கும் என்று பயந்தாள். அதைவிட, ஆடு வளர்ப்பவளுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்ற நினைப்பு. படித்த திமிர், வேறென்ன?

"அக்கா, அந்தச் செடி காய் பிடிச்சா விஷமாக்கும். ஆட்டை அங்க விடாதீங்க," என்று சொல்லிவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு பாறசாலை பஸ்ஸில் ஏறினாள்.

காய் முற்றும் பருவத்தில் காகித உறைகளோடு திரும்பி வந்தாள். ஷியாமளா முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தாள்.

"இனி பேடிக்கண்டாம், ஒரு பயமும் வேண்டாம் டீச்சரே. அந்தச் சனியனை வேரோட பறிச்சாச்சு. ஆட்டை எத்தனை நாளுதான் கட்டிப் போடுயது? விதை விழுந்தா பின்னயும் முளைக்கும்லா, அதான் காயோட சேர்த்துத் தீ வச்சேன்."

ஜெஸ்மி சரிவுக்கு ஓடினாள். பாறை வெடிப்புகளில் மண்ணைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தாள் மகராசி. ஜெஸ்மி சாம்பலில் முட்டுக்குத்தி இரண்டு கையாலும் துழாவினாள். ஒரு விதை மிஞ்சவில்லை. யாரைத் திட்டுவது? படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்? தன் நாக்கையே அறுத்துப் போடலாம் போலிருந்தது.

"அதுக்க பேரு என்னவாக்கும்? வேற எங்கயாவது கண்டா பறிக்கணும்லா," என்றபடி ஷியாமளா பின்னாலேயே வந்தாள்.

"பேரு வைக்கலைக்கா."

ஷியாமளாவின் கையில் ஒரு செம்புத் தண்ணீரும் சோப்பும் இருந்தன.

"என்ன டீச்சரே, வெறுங்கையால தொடுதீங்க? நல்லா கழுவுங்க. விஷமில்லியா?"

ஜெஸ்மி சோப்பை வாங்கி, நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாம்பல்வரை கழுவினாள்.