சலாலாவில் இரண்டு தாத்தாக்கள்

தும்ரைத் என்ற ஊரைத் தாண்டும் வரை வெளியே பார்க்க எதுவும் இல்லை. மணல், மின்கம்பம், எப்போதாவது ஒரு பெட்ரோல் பங்க். மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குப் புறப்பட்டு அது இரண்டாவது நாள். மலைச்சாலை ஒரு வளைவில் திரும்பியதும் மூடுபனி வந்து காரை அப்படியே மூடிக்கொண்டது. வாசு வேகத்தைக் குறைத்து விளக்கைப் போட்டான். கண்ணாடியில் பொடித் தூறல் விழுந்தது. பனி விலகிய இடங்களில் மலை முழுக்கப் பச்சை.

"இந்தத் தூறல் காலத்துக்குப் பேருதான் கரீஃப்," என்றார் முரளிதரன். இதைச் சொல்வதற்காகவே நேற்றிலிருந்து காத்திருந்தார். "அரபியில கரீஃப்னா இலையுதிர் காலம். தெரியுமா தன்யா?"

பின் இருக்கையில் இரண்டு தாத்தாக்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த தன்யா ஜன்னலை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஏழு வயது. "பட் தாத்தா, லீவ்ஸ் எல்லாம் கிரீனா இருக்கே. எதுவுமே விழலையே?"

முரளிதரன் பதில் யோசிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து விஜயபாஸ்கர் குனிந்தார். "கரெக்ட். விழுந்த இலை ஒண்ணாவது இருக்கணுமே? நாம தேடுவோம். முதல்ல மஞ்சள் இலை கண்டுபிடிக்கிறவங்களுக்கு ஐஸ்கிரீம்."

"டீல்!" என்று கத்தினாள் தன்யா. அதற்குப் பிறகு சலாலா வரும்வரை அவள் முகம் அந்தப் பக்கத்து ஜன்னலிலேயே இருந்தது. முரளிதரன் தன் பக்கத்து ஜன்னலில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். அரபி வார்த்தை அவருடையது. விளையாட்டு அவருடையது இல்லை.

விஜயபாஸ்கர் வாசுவின் மாமனார், ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அருணா முழங்கால் வலியோடு சென்னையிலேயே தங்கிவிட்டதால் தனியாக வந்திருந்தார். வாசுவின் அப்பா முரளிதரன் கும்பகோணத்துக்காரர், மனைவியை இழந்து மூன்று வருடமாகிறது. பேத்தியின் பள்ளி விடுமுறைக்கு இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் மஸ்கட்டுக்கு வரவழைத்தது மருமகள் ஷியாமளாவின் ஏற்பாடு. "ரெண்டு தாத்தாவும் ஒண்ணா இருந்தா அவளுக்கு எவ்வளவு ஜாலி!" என்று போனில் சொன்னாள். முரளிதரனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தார்.

வளைகுடா அவருக்குப் புதிதில்லை. ஜித்தாவில் ஏர்கண்டிஷனர் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் ஸ்டோர் பார்த்தவர். ஷரஃபியா வட்டாரத்தில் ஒரே அறையில் ஆறு பேர். வருடத்துக்கு ஒரு மாத லீவு. ரிட்டயர்மென்டுக்கு அப்புறம் பிள்ளையோடு இருந்துகொள்ளலாம், பேரன் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரியலாம் என்று அந்த அறையின் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு நினைத்ததுண்டு. அந்த நினைப்பில் இன்னொரு தாத்தா இருந்ததில்லை.

மலையடிவாரத்தில் ஒரு வீட்டை நான்கு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பெரியவர்கள் இருவருக்கும் ஓர் அறை. சாயங்காலம் எல்லோரும் மலைமேல் போனார்கள். சாலையோரம் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சுட்ட சோள வாசனையும் கரி அடுப்புப் புகையும் பனியோடு கலந்து வந்தன. ஓர் ஒட்டகக் கூட்டம் அவசரமே இல்லாமல் சாலையைக் கடக்க, அத்தனை கார்களும் நின்றன. உடம்பு சிலிர்க்கும் குளிர். ஆகஸ்ட் மாதத்தில், அரபு நாட்டில் இப்படி ஒரு குளிரை முரளிதரன் கண்டதே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை வாசுவிடம் சொல்லலாம் என்று திரும்பினார்.

வாசு மாமனாரோடு பேசிக்கொண்டிருந்தான்.

"அந்தக் கேட்சை விட்டான் பாருங்க மாமா, அங்கேயே மேட்ச் போச்சு."

"கேட்ச் விட்டது பரவாயில்ல மாப்ளே. விட்டுட்டு சிரிச்சான் பாருங்க, அதைத்தான் மன்னிக்கவே முடியாது."

வாசு தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே மாமனாரின் தோளில் கை போட்டான்.

தன் மகன் இப்படிச் சிரிப்பான் என்பதே முரளிதரனுக்குத் தெரியாது. அவரிடம் பேசும்போது வாசுவுக்கு மூன்று கேள்விகள் உண்டு: சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, ஏசி குறைக்கணுமா. மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் அவர் தோளில் அவன் கை போட்டதில்லை. பேத்தியைக்கூட விட்டுக் கொடுத்துவிடலாம், யார் விளையாடினாலும் குழந்தை அவரிடம் போகும். இது அப்படியில்லை. கையிலிருந்த சோளம் ஆறிப்போய்விட்டது. கடிக்காமலேயே வைத்திருந்தார்.

"சம்மந்தி, ஏன் தனியா நிக்கிறீங்க? வாங்க," என்று விஜயபாஸ்கர்தான் கூப்பிட்டார். அதுவும் பிடிக்கவில்லை.

மறுநாள் வாதி தர்பாத் போவதாகத் திட்டம். மலைக்கு நடுவில் ஆறு, அருவி, படகு எல்லாம் உண்டு என்றார்கள். படுக்கப் போகும்போது விஜயபாஸ்கர் சொன்னார்: "நான் போடற மாத்திரைக்கு அசந்துடுவேன் சம்மந்தி. காலையில நீங்க எழுந்ததும் ஒரு தட்டு தட்டி விட்டுடுங்க."

"ஆகட்டும்," என்றார் முரளிதரன்.

காலையில் குளித்து முடித்து வந்தபோது விஜயபாஸ்கர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். முரளிதரன் கட்டிலருகே போனார். கையை நீட்டவும் செய்தார். பிறகு என்ன தோன்றியதோ, நீட்டிய கையால் அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"அப்பா எழுந்துட்டாரா மாமா?" என்று கேட்டாள் ஷியாமளா.

"அலுப்பா இருக்காம்மா. வரலை, நீங்க போயிட்டு வாங்கன்னார்."

"உடம்புக்கு ஏதாவதா? நான் போய்ப் பார்க்கிறேன்."

"வேண்டாம்மா, இப்பதான் மறுபடி கண்ணசந்தார். ராத்திரி பூரா இருமிக்கிட்டே இருந்தார்."

இருமல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. முதல் பொய்யை விட இரண்டாவது பொய் சுலபமாக வந்துவிட்டது.

தர்பாத் அழகாகத்தான் இருந்தது. பச்சைத் தண்ணீர், இருபுறமும் கிளை தாழ்ந்த மரங்கள், கரையில் கால் மடக்கிப் படுத்திருக்கும் ஒட்டகங்கள். மிதிபடகில் முரளிதரனும் தன்யாவும் ஏறினார்கள். முழங்கால் வலித்தாலும் விடாமல் மிதித்தார். அருவிச் சாரல் முகத்தில் தெறித்தபோது தன்யா வீறிட்டுச் சிரித்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த நிமிடத்துக்காக எந்தப் பொய்யும் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கரைக்கு வந்ததும் அவள் மரத்தடிக்கு ஓடினாள். உள்ளங்கையில் எதையோ மூடிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னடா கண்ணு?"

"யெல்லோ லீஃப்! சென்னைத் தாத்தாகிட்டக் காட்டணும். அவர் பாவம், தனியா இருக்கார். ரூமுக்குப் போலாமா?"

"இப்பதானே வந்தோம். தாத்தா இன்னொரு ரவுண்டு படகுல கூட்டிட்டுப் போறேன், வா."

"வேணாம். ஐ வான்ட் டு கோ."

வாசு சற்றுத் தள்ளி நின்று போன் செய்துகொண்டிருந்தான். "மாமா எடுக்க மாட்டேங்கிறார்," என்றான். ஷியாமளா கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரிக்காமலேயே வைத்திருந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்திருக்குமோ என்று இரண்டு தடவை கேட்டாள். முரளிதரன் ஆசைப்பட்டபடி மகன், மருமகள், பேத்தி மூவரும் அவரோடு இருந்தார்கள். மூன்று பேர் மனமும் அந்த வீட்டில் இருந்தது. இல்லாதபோதும் அந்த மனிதர்தான் எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தார்.

நேரத்தோடு கிளம்பித் திரும்பினார்கள். வீடு பூட்டியிருந்தது. திறந்து பார்த்தால், விஜயபாஸ்கரின் போன் சார்ஜில் கிடந்தது. காவலாளி ராஜிக் ஓடி வந்தான். பங்களாதேஷ்காரன்.

"பாபா பாஹர் கயா. அப்பவே வெளியே போயிட்டார் பாய்," என்று இந்தியும் அரைகுறைத் தமிழுமாகச் சொன்னான். "எல்லாரும் எங்கேன்னு கேட்டார். எனக்குத் தெரியலை. போன் போட்டுப் பார்த்தார், லைன் கிடைக்கலை. நேத்து போன இடத்துல பார்க்கிறேன்னு மலைமேல நடந்து போயிட்டார்."

"நடந்தா? இந்தப் பனியிலா?" ஷியாமளாவின் குரல் உடைந்தது. "வரலைன்னு சொன்னவர் எதுக்குத் தேடணும்?"

முரளிதரன் முதல் ஆளாகப் போய்க் காரில் ஏறினார்.

மலையில் பத்தடி தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எதிரே வரும் கார்களின் விளக்குகள் பக்கத்தில் வந்தபிறகே தெரிந்தன. அத்தனை கார்களும் போகிற சாலையோரமாக ஒரு வயதானவர் நடந்து போயிருக்கிறார். வாசு ஆமை வேகத்தில் ஓட்டினான். ஷியாமளா கண்ணாடியை இறக்கி, "அப்பா! அப்பா!" என்று கத்திக்கொண்டே வந்தாள். முரளிதரனும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். "சம்மந்தி!" என்று அவர் கூப்பிட்ட குரல் பனிக்குள் போய்த் திரும்பி வரவில்லை. கடவுளே, அந்த ஆளைக் கொண்டுவந்து விட்டுவிடு, மகனை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

நேற்று சோளம் சாப்பிட்ட இடத்துக்குப் பக்கத்தில், ஒரு டீக்கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் விஜயபாஸ்கர் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. யாரோ ஓர் ஓமானியர் தன் சால்வையை அவர் மேல் போர்த்தியிருந்தார். சேற்றில் வழுக்கியதில் கணுக்கால் வீங்கியிருந்தது. கையில் பேப்பர் கப்.

ஷியாமளா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாசு மண்டியிட்டுக் காலைப் பிடித்துப் பார்த்தான். "என்ன மாமா இது! உடம்பு முடியலை, வரலைன்னு சொன்னீங்களாம். அப்புறம் ஏன் தனியா கிளம்பினீங்க?"

விஜயபாஸ்கர் நிமிர்ந்து முரளிதரனைப் பார்த்தார்.

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றார். "அப்புறம் முழிப்பு வந்துது. சும்மா உட்கார்ந்திருக்க முடியலை. நடந்து பார்க்கலாம்னு வந்தேன், வழுக்கிடுச்சு. என் தப்புதான்."

முரளிதரனுக்கு நிம்மதி வரவில்லை. இப்போதுகூட இந்த ஆள் தன்னை விட ஒரு படி மேலே போய் நின்றுவிட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அறையில் இருவரும் தனியாக ஆனதும் முரளிதரன் வீங்கிய காலுக்குத் தலையணையை வைத்துக் கொடுத்தார். விஜயபாஸ்கர் தடுக்கவில்லை. ஆனால் குரலில் பழைய இனிப்பு இல்லை.

"என் பொண்ணு முன்னாடி அவ மாமனாரைப் பொய்க்காரர்னு சொல்ல எனக்கு வாய் வரலை. உங்களுக்காகச் செய்யலை, அவளுக்காகச் செஞ்சேன். எழுந்து பார்த்தா வீட்ல ஒருத்தருமில்ல. எல்லாருமா என்னை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன் சம்மந்தி. அது எப்படி இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் முரளிதரன். "மன்னிச்சிடுங்க."

விஜயபாஸ்கர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கடலோரச் சாலையில் இளநீர் வாங்க வாசுவோடு முரளிதரன் போனார். தென்னையும் வாழையும் நிறைந்த தோட்டத்து முன்னால் வரிசையாகக் கடைகள். இளநீர் வெட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எழுப்பாமல் வந்தது, அலுப்பு என்று சொன்னது, இருமல், எல்லாவற்றையும்.

வாசு திகைத்துப் பார்த்தான். "எதுக்குப்பா?"

"நீ அவர்கூடச் சிரிச்சே."

"என்னது?"

"என்கூட நீ அப்படிச் சிரிச்சதே இல்லைடா."

வாசு முகம் சிவந்தது. கோபப்படப் போகிறான் என்றுதான் முரளிதரன் நினைத்தார். அவன் கோபப்படத்தான் செய்தான். "அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா? ஷியாமளா முகத்துல நான் எப்படிப்பா முழிப்பேன்?" என்றான். கடைக்காரன் நீட்டிய இளநீரை வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான். பிறகு, "நான் நாலாங்கிளாஸ் படிக்கிறப்ப நீங்க லீவுல வந்தீங்களே, உங்க ஷூ ஒண்ணு காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா?" என்றான்.

"ஆமா. நாய் தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு..."

"நாய் இல்லை. நான்தான் கொல்லைக் கிணத்துல போட்டேன். நீங்க வந்தாலே அம்மா உங்ககூடவேதான் இருப்பாங்க. எனக்குப் பக்கத்துல படுக்கக்கூட மாட்டாங்க. எப்ப ஊருக்குத் திரும்பிப் போவீங்கன்னு காத்துக்கிட்டிருப்பேன்." அவன் குரல் தாழ்ந்தது. "போனப்புறம் உங்க சட்டையைப் போட்டுக்கிட்டுத் தூங்குவேன். அது வேற."

அந்தச் சின்னப் பையனை முரளிதரன் பார்த்ததே இல்லை. லீவில் வந்தபோதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பான். கூச்சம் என்று நினைத்திருந்தார்.

"ஷியாமளாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க," என்றான் வாசு. "நான் சொன்னா நல்லா இருக்காது."

சொன்னார். அவள் அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை. இரவு சாப்பாட்டில் மட்டும் ரசத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஊர் திரும்பும்போது மலையைத் தாண்டியதும் பனி அறுந்துபோனதுபோல நின்றுவிட்டது. மறுபடி மணல், வெயில். விஜயபாஸ்கர் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தன்யா அவர் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். முரளிதரன் அதைப் பார்த்தார். எரிச்சல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது இருந்தது.

ஒரு பெட்ரோல் பங்கில் வாசு வண்டியை நிறுத்தினான். ஷியாமளா தலைவலி என்று பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா, நீங்க முன்னாடி வாங்க. எனக்குத் தூக்கம் கண்ணைக் கட்டுது. ஏதாவது பேசிக்கிட்டே வந்தாதான் ஓட்ட முடியும்."

"என்ன பேசறது? எனக்குக் கிரிக்கெட் தெரியாதே."

"ஜித்தாவைப் பத்திச் சொல்லுங்க. நீங்க சொன்னதே இல்லையே."

எங்கே ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஷரஃபியா அறையில் சமையல் முறை வைத்திருந்ததையும், வெள்ளிக்கிழமைகளில் தன் முறை வந்தால் மற்ற ஐந்து பேரும் ஓட்டலுக்கு ஓடிப்போவதையும் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். வாசு சிரித்தான். சின்னச் சிரிப்புதான்.

பின்னாலிருந்து விஜயபாஸ்கரின் குரல் வந்தது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சம்மந்தி. இங்க கேக்கலை."